பனியில் கிடக்கும் உடல்: ஸ்காண்டிநேவியத் தொடர் கொலைக் கதைகளுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தில் நள்ளிரவில் விளக்குகள் அணைகின்றன. மீண்டும் எரியும்போது, இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. மால்மோவிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரியும் கோபன்ஹேகனிலிருந்து இன்னொருவரும் வந்து நிற்கிறார்கள். உடலைத் தூக்கினால் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து வருகிறது. மேல்பாதி ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு அரசியல்வாதியுடையது. கீழ்பாதி வேறொருத்தியுடையது. கோபன்ஹேகனில் பாலியல் தொழில் செய்து பிழைத்தவள், வெகு முன்பே காணாமல் போனவள், அவளுக்கான விசாரணை பாதியில் கைவிடப்பட்டது.

2011இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ்’ தொடரின் முதல் எபிசோடு இது. அரசியல்வாதிக்காக இரண்டு நாட்டுப் போலீசும் தூங்காமல் ஓடுகிறது. மற்றவளுக்காக அன்று யாரும் ஓடவில்லை. கொலையாளி விடுக்கும் முதல் செய்தியும் அதுதான்: சட்டத்தின் முன் எல்லோரும் சமமில்லை.

இந்த ஒரு காட்சியைப் புரிந்துகொண்டால் இந்த வகைக் கதைகளின் ஈர்ப்பு பாதி புரிந்துவிடும். புதிதாக வருபவர்கள் பனி, இருட்டு, ரத்தம் ஆகியவற்றை எதிர்பார்த்து வருகிறார்கள். அவை இருக்கின்றன. ஆனால் கடைசிவரை நம்மைப் பிடித்து வைத்திருப்பது வேறு. எல்லாருக்கும் பள்ளி, எல்லாருக்கும் மருத்துவம், எல்லாருக்கும் வீடு என்று பெயரெடுத்த நாடுகளில் யார் கண்ணில் படாமல் விடுபட்டார்கள் என்ற கேள்வி அது. கொலையாளி அந்த விடுபட்ட இடத்திலிருந்துதான் பெரும்பாலும் எழுந்து வருகிறான். ‘யார் செய்தது’ என்று மட்டும் தேடிக்கொண்டு படித்தால் கதை மெதுவாக நகர்வது போலத் தோன்றும். ‘யார் கவனிக்கத் தவறினார்கள்’ என்று கேட்டுக்கொண்டே படித்தால் அதே பக்கங்கள் விறுவிறுவென்று ஓடும்.

முதல் வாரம்: ஆறு எபிசோடு, அதற்குமேல் வேண்டாம்

நேராகப் பெரிய நாவலுக்குள் குதிக்க வேண்டாம். ‘தி செஸ்ட்நட் மேன்’ என்ற டென்மார்க் தொடரில் தொடங்குங்கள். 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, முதல் கதை மொத்தம் ஆறே எபிசோடு. சோரன் ஸ்வைஸ்ட்ரூப் 2018இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. கொலை நடந்த இடத்தில் ஒரு சின்னப் பொம்மை கிடைக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே குழந்தைகள் மரத்தடியில் விழுந்து கிடக்கும் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கி, தீக்குச்சியைக் கை கால்களாகச் செருகிச் செய்யும் பொம்மை. நம் ஊரில் நுங்கு வண்டி செய்வது போல, அந்தப் பருவம் வந்தால் கை தானாகச் செய்யும் விளையாட்டு. அந்தப் பொம்மையில் ஒரு கைரேகை இருக்கிறது. அது ஓராண்டுக்கு முன் காணாமல் போய், இறந்துவிட்டதாக எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சிறுமியுடையது. அவளுடைய அம்மா சமூகநலத் துறை அமைச்சர்.

அம்மா எந்தத் துறைக்கு அமைச்சர் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கதைகளில் பாத்திரங்களின் வேலை சும்மா ஒட்டி வைத்த விவரமாக இருப்பதில்லை.

பார்க்கும் முறை:

1. ஒலியை டேனிஷ் மொழிக்கு மாற்றுங்கள். ஆப் பல நேரம் தானாகவே ஆங்கில டப்பிங்கைத் தேர்ந்து வைத்திருக்கும். டப்பிங்கில் முதலில் செத்துப்போவது மௌனம். தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு தாயின் குரலுக்குப் பதில், வாயசைவுக்கு ஈடுகொடுக்க அவசர அவசரமாகப் பேசும் ஒரு ஸ்டூடியோ குரல்தான் காதில் விழும்.

2. சப்டைட்டிலில் ‘ஆங்கிலம்’, ‘ஆங்கிலம் சிசி’ என்று இரண்டு இருந்தால் முதலாவதை முயன்று பாருங்கள். சிசி காது கேளாதவர்களுக்கானது, டப்பிங் வசனத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கவும் கூடும். கதவு கிரீச்சிடுவதைக்கூட எழுத்தில் போட்டுக் காட்சியின் பயத்தை முன்கூட்டியே உடைத்துவிடும்.

3. இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தத் தொடர்கள் சாம்பல், கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களுக்குள்ளேயே படமாக்கப்பட்டவை. பகல் வெளிச்சத்தில் மொபைலில் பார்த்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். டிவியில் ‘விவிட்’ மோடு போட்டிருந்தால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்கு மாற்றுங்கள்.

4. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு போதும். ஆறையும் ஒரே இரவில் முடித்தால் மூன்றாவது எபிசோடில் யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி நினைவில் நிற்காது. கடைசியில் முடிச்சு அவிழும்போது அந்த வரிதான் வேண்டியிருக்கும்.

குழந்தைகளுக்கு நேரும் கொடுமை இந்தத் தொடரில் மையமாக இருக்கிறது. கை துண்டிக்கப்பட்ட உடல்களும் காட்டப்படுகின்றன. அது தாங்காது என்றால் ஐஸ்லாந்தின் ‘தி வல்ஹாலா மர்டர்ஸ்’ தொடரில் தொடங்கலாம். எட்டு எபிசோடு, ரெய்க்யாவிக்கில் நடக்கிறது. அதிலும் ஒரு சிறுவர் இல்லத்தின் பழைய கதை வருகிறது, ஆனால் காட்டுவதைவிடச் சொல்வதே அதிகம்.

பெயர்களோடு ஒரு உடன்பாடு

பலர் முப்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைப்பதற்குக் காரணம் பெயர்கள். எது ஆள், எது தெரு என்று பிடிபடாது. ரஷ்ய நாவலில் பட்ட பாடு இங்கேயும் வரும். ஒரு தாளை எடுத்து புத்தகத்துக்குள் வையுங்கள். ஒவ்வொரு புதுப் பெயருக்கும் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: ‘பக்கத்து வீடு’, ‘அரசு வக்கீல்’, ‘முதல் கணவன்’. இருபது பெயரைத் தாண்டாது. ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் முதல் நாவலில் வரும் வாங்கர் குடும்பத்துக்கு மட்டும் ஒரு முழுப்பக்க வம்சாவளி தேவைப்படும்.

உச்சரிப்புக்குச் சில விதிகள் போதும். ‘ஜே’ எழுத்தை ‘ய’ என்று படியுங்கள். ஹாரி என்ற துப்பறியும் அதிகாரியை வைத்து எழுதும் நார்வே எழுத்தாளரின் பெயர் ஜோ அல்ல, யூ நெஸ்போ என்பதற்கு நெருக்கமான ஒலி. தலையில் வட்டம் வைத்த ‘ஏ’ வந்தால் ‘ஓ’. ஆங்கிலத்தில் ‘ஓட்டை’ என்ற பொருள் தரும் எழுத்துகளோடு இருக்கும் அந்த ஹாரியின் குடும்பப் பெயரை நார்வேயில் ‘ஹூலெ’ என்பார்கள். ‘கேட்டன்’, ‘கேட்’, ‘வெய்’ என்று முடிந்தால் அது தெரு, ஆளில்லை. ‘சன்’, ‘சென்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆள். நார்வேயிலோ டென்மார்க்கிலோ வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் உறவில் இருந்தால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பத்து நிமிட வேலை.

ஐஸ்லாந்தில் குடும்பப் பெயரே பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரோடு ‘சன்’ அல்லது ‘டோட்டிர்’ சேர்ப்பார்கள், மகன், மகள் என்று பொருள். அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்து ஏதோ மர்மம் என்று நினைக்க வேண்டாம். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது எளிதில் பழகிவிடும்.

கதைக்குள் யாரும் விளக்காத விஷயங்கள்

அங்குள்ள வாசகருக்கு இவை அன்றாடம் என்பதால் எழுத்தாளர் விளக்க மாட்டார். நமக்குத் தெரியாமல் போனால் பாதிப் பதற்றம் புரியாது.

முதலில் பேச்சு. கான்ஸ்டபிள் தன் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாட்சி அமைச்சரை ஒருமையில் விளிப்பார். இது அவமரியாதை இல்லை. ஸ்வீடனில் 1960களின் இறுதியில் ‘து’ சீர்திருத்தம் என்று ஒரு மாற்றம் நடந்தது. ‘து’ என்றால் நீ. 1967இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட், இனி எல்லா ஊழியரையும் ‘நீ’ என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். அந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. அதனால் இந்தக் கதைகளில் அதிகாரம் சொல்லில் தெரியாது, வேறு இடங்களில் தெரியும்: யார் யாருடைய போனை எடுக்காமல் விடுகிறார், யாருடைய அறைக் கதவு மூடியே இருக்கிறது, யாருக்குத் தகவல் தாமதமாக வருகிறது. யாராவது திடீரென்று மரியாதைப் பன்மையில் பேசினால் அங்கே ஒரு விலகலோ வெறுப்போ இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இது பெரும்பாலும் காணாமல் போகிறது. பெயருக்குப் பதில் பட்டம் சொல்லி அழைக்கும் இடங்களில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

அடுத்தது அடையாள எண். ஸ்வீடனில் 1947 முதல், டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியில் தொடங்கும் ஒரு எண் உண்டு. மருத்துவமனை, வங்கி, வரி, வீட்டு முகவரி எல்லாம் அதோடு கோத்திருக்கும். எண்ணைத் தட்டினால் ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று போலீசுக்கு ஒரு நிமிடத்தில் தெரியும். ஆகவே ஒரு உடலுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த ஊரில் அது பெரிய அதிர்ச்சி. எண்ணே இல்லாத அகதி, வேறு நாட்டிலிருந்து கடத்தி வரப்பட்ட பெண், பதிவேட்டிலிருந்து நழுவிய ஒருவர்: கதைக்கு இவர்கள் ஏன் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

இதோடு சேர்ந்தது, அரசு ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை. ஸ்வீடனில் 1766ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்திலிருந்தே இது இருக்கிறது. ஒரு பத்திரிகையாளர் போலீசுக்கு இணையாகத் துப்பறிவது அங்கே நம்பக்கூடிய விஷயமாவது இதனால்தான்.

கைது விஷயத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். டென்மார்க்கில் பிடித்த 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஸ்வீடனில் நான்கு நாளுக்குள் நீதிமன்றம் காவலை முடிவு செய்யும், பணம் கட்டி ஜாமீனில் வரும் வழக்கம் கிடையாது. கடுமையான குற்றங்களில், சந்தேகம் ஒருவர் மேல் திரும்பியதும் விசாரணையை நடத்துவது அரசு வக்கீல்தான். துப்பறிபவர் ‘இன்னும் ஒரே நாள் கொடுங்கள்’ என்று கெஞ்சுவது நாடகத்துக்காகச் சேர்த்தது இல்லை. நார்வேயில், இந்த நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில், போலீசார் வழக்கமாகத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிய மாட்டார்கள். ரோந்து வண்டியில் பூட்டி இருக்கும், எடுக்க அனுமதி வேண்டும். கொலையாளியின் வீட்டுக்கு அதிகாரி வெறுங்கையோடு போகும் காட்சியில் ‘இவன் ஏன் இவ்வளவு முட்டாள்’ என்று கோபப்படாதீர்கள்.

சாராயக் கடையும் அரசினுடையதே. ஸ்வீடனில் சிஸ்டம்போலாகெட், நார்வேயில் வின்மோனோபோலெட். டாஸ்மாக் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். சனிக்கிழமை பிற்பகலிலேயே கடை மூடிவிடும், ஞாயிறு திறக்காது என்பதை மனதில் வைத்தால், குடிக்கு அடிமையான ஒரு அதிகாரி ஞாயிற்றுக்கிழமை ஏன் மதுவிடுதி தேடி அலைகிறார் என்பது தெரியும்.

வெளிச்சம். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் எழும், மதியம் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். ‘பிற்பகல் நான்கு மணி’ என்று படித்தவுடன் நம் மனம் வெயிலைக் கற்பனை செய்யும். அங்கே அது நடு இருட்டு. ஜூனிலோ நேர்மாறாக, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கொலையாளிக்கு ஒளிய இடமே இருக்காது.

முதல் நாவலைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் வந்த வரிசையும் மூல வரிசையும் பல எழுத்தாளர்களுக்கு வேறு வேறு. கடையில் கிடைத்ததை எடுத்தால் நான்காம் பாகத்தில் இறந்தவர் மூன்றாம் பாகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

நெஸ்போவின் ஹாரி நாவல்களுக்கு எங்கள் பரிந்துரை இது. 1997இல் வந்த முதல் நாவல் ‘தி பேட்’ ஆஸ்திரேலியாவில் நடக்கிறது, இரண்டாவதான ‘காக்ரோச்சஸ்’ பாங்காக்கில். பனிக்காக வந்தவர்கள் இரண்டையும் பிறகு படிக்கலாம். ஆங்கிலத்திலேயே அவை 2012, 2013இல்தான் வந்தன. மூன்றாவதான ‘தி ரெட்பிரெஸ்ட்’டில் தொடங்குங்கள். அடுத்து ‘நெமெசிஸ்’, அடுத்து ‘தி டெவில்ஸ் ஸ்டார்’. இந்த மூன்றுக்கும் ஊடே ஒரே பகை ஓடுகிறது. ஆங்கிலத்தில் இவற்றில் கடைசியான ‘தி டெவில்ஸ் ஸ்டார்’ நாவலை முதலில் வெளியிட்டதால் அந்தப் பகையின் முடிவை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்ட வாசகர்கள் ஏராளம், அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம். அதன்பின் ‘தி ரிடீமர்’, பிறகு 2007இல் வந்த ஏழாவது நாவலான ‘தி ஸ்னோமேன்’.

‘தி ஸ்னோமேன்’ ஏன் இந்த வகையின் உச்சங்களில் ஒன்று என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் பனி விழுந்த இரவு. சிறுவன் ஒருவன் விழிக்கிறான், வீட்டில் அம்மா இல்லை. வெளியே தோட்டத்தில் ஒரு பனிமனிதன் நிற்கிறது. அதன் கழுத்தில் அம்மாவின் இளஞ்சிவப்பு மஃப்ளர். வழக்கமாகப் பனிமனிதனைத் தெருவைப் பார்த்து நிறுத்துவார்கள், வருகிறவர் போகிறவர் பார்க்க. இது வீட்டைப் பார்த்து நிற்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குழந்தைகள் செய்யும் ஒரு பொருளின் முகத்தை மட்டும் திருப்பி வைத்திருக்கிறார் எழுத்தாளர், அவ்வளவுதான். செஸ்ட்நட் பொம்மையிலும் இதே உத்தி. பயத்தை வெளியிலிருந்து கொண்டு வராமல், வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பிரியமான ஒரு பொருளிலிருந்து எடுக்கிறார்கள். அதனால்தான் புத்தகத்தை மூடிய பிறகும் அது விட மாட்டேன் என்கிறது.

இந்த நாவலின் 2017 திரைப்படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். திரைக்கதையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை படமாக்கவே முடியவில்லை என்று இயக்குநர் தோமாஸ் ஆல்ஃபிரட்சனே சொல்லியிருக்கிறார். படம் பார்த்தவர்களுக்கு அது தெரியும்: காட்சிகளுக்கு நடுவே படிக்கட்டு இல்லாமல் தாண்ட வேண்டியிருக்கும்.

ஹென்னிங் மன்கெல் வேறு வகை. அவருடைய குர்ட் வாலண்டர், தெற்கு ஸ்வீடனில் ஈஸ்டாட் என்ற, சுமார் இருபதாயிரம் பேர் வசிக்கும் கடலோரச் சிற்றூரின் போலீஸ்காரர். சரியாகச் சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், அப்பாவோடு சண்டை, மகளோடு சண்டை, காரில் ஓபரா கேட்பார். தொடர் கொலைக் கதையாக வேண்டுமென்றால் ‘சைட்டிராக்ட்’. 1995இல் எழுதியது. இருட்டுக் கதையைக் கோடை வெயிலில் எழுதிக் காட்டினார் மன்கெல். மஞ்சளாகப் பூத்து நிற்கும் கடுகுச்செடி போன்ற ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிர் வயலில் ஒரு இளம்பெண் வாலண்டரின் கண்ணெதிரே தன் மேல் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறாள். அடுத்து முன்னாள் நீதித்துறை அமைச்சர் ஒருவர் கோடாலியால் கொல்லப்பட்டு, தலைத்தோல் உரிக்கப்பட்டுக் கிடக்கிறார். கொலையாளி யார் என்பது வாசகருக்குப் போலீசுக்கு வெகுமுன்பே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பயம் குறையாது, பரிதாபம் சேர்ந்து கனம் கூடும். 2001இல் பிரிட்டனின் கோல்டு டாகர் விருது பெற்ற நாவல் இது. எங்களைக் கேட்டால், ஒரே ஒரு ஸ்காண்டிநேவியத் தொடர் கொலை நாவலைத்தான் படிப்பேன் என்பவருக்குக் கொடுக்க வேண்டியது இதுவே. வாலண்டர் வரிசையில் ஐந்தாவது என்றாலும் தனியாகப் படிக்கலாம்.

ஸ்டீக் லார்சனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உலகம் ‘தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ’ என்று அறிந்த நாவலின் ஸ்வீடிஷ் தலைப்புக்கு ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பொருள். அந்தத் தலைப்பை மனதில் வைத்துப் படித்தால்தான் ஏன் ஒவ்வொரு பகுதியும் பெண்கள் மீதான வன்முறை குறித்த ஒரு புள்ளிவிவரத்தோடு தொடங்குகிறது என்பது புரியும். தொடக்கத்தில் வரும் நீளமான தொழிலதிபர் ஊழல், பத்திரிகை வழக்கு ஆகியவற்றில் பலர் சோர்ந்துவிடுவார்கள். அதை வேகமாகப் புரட்டலாம், ஆனால் தாண்டிவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக் காட்சி மிகக் கடுமையானது, தெரிந்து திறக்க வேண்டிய புத்தகம். லார்சன் 2004 நவம்பரில் மாரடைப்பில் இறந்தார். நாவல் வந்தது 2005இல். தன் புத்தகம் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை.

வேகம்தான் வேண்டும், சமூகம் அப்புறம் என்பவர்களுக்கு லார்ஸ் கெப்ளர். கணவன் மனைவி இருவர் சேர்ந்து எழுதும் புனைபெயர். குட்டிக் குட்டி அத்தியாயம், ரத்தம் தாராளம். ‘தி ஹிப்னாடிஸ்ட்’ முதல் நாவல், ‘தி சேண்ட்மேன்’ அதைவிடக் கட்டுக்கோப்பானது.

படிக்கும்போது எதைக் குறித்துக்கொள்வது

இந்தக் கதைகளின் கட்டுமானத்துக்குச் சில பழக்கங்கள் உண்டு. முன்கதை பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் நடக்கும். அதில் வரும் குழந்தைக்கு இப்போது என்ன வயது என்று ஓரத்தில் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். இந்த ஒரு கணக்கு சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கும். இடையில் சாய்வெழுத்தில் கொலையாளியின் மனக்குரல் வந்தால் அவன் என்ன உணர்கிறான் என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போலீஸ் அறைக்குள் பேசியது அவனுக்குத் தெரிந்திருந்தால் வட்டம் சுருங்கிவிட்டது.

புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கு முடியும் முன்பே கைதாகிறவர் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. ஆனாலும் அந்தத் தவறான கைதை வீண் சுற்று என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் ‘தி கில்லிங்’ தொடரில் இது எவ்வளவு வலிக்கும் என்று பார்க்கலாம். 2007இல் வந்த முதல் சீசன் இருபது எபிசோடு. ஒவ்வொரு எபிசோடும் விசாரணையின் ஒரு நாள். போலீஸ், மகளைப் பறிகொடுத்த குடும்பம், கோபன்ஹேகன் நகராட்சித் தேர்தல் என்று மூன்று இழைகள். தவறாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு ஆசிரியரின் வாழ்க்கை சிதைவதற்கும் தொடர் நேரம் ஒதுக்குகிறது. ஒரு சாவுக்குப் பிறகு சமையலறையில் என்ன நடக்கிறது, தகப்பன் எப்படி வேலைக்குத் திரும்புகிறான் என்பதற்கெல்லாம் இவ்வளவு பொறுமை வேறெங்கும் கிடைப்பது அரிது. ‘தி செஸ்ட்நட் மேன்’ எழுதிய அதே ஸ்வைஸ்ட்ரூப்பின் படைப்பு. இதைப் பத்து இரவுகளுக்குப் பிரித்து வையுங்கள். அமெரிக்க ரீமேக்கை முதலில் தொட வேண்டாம். கதை ஒன்றுதான், முடிவு வேறு, இரண்டும் மனதில் குழம்பும்.

நடுவில் ஒரு பாத்திரத்தின் பெயரைக் கூகுளில் தேடிவிடாதீர்கள். பெயரைத் தட்டி முடிப்பதற்குள் ‘எப்படி இறந்தார்’ என்று தேடல் பெட்டியே எடுத்துக் கொடுத்துவிடும். யாரென்று மறந்துவிட்டால் உங்கள் தாளைப் பாருங்கள், அதற்காகத்தான் அது.

நிஜத்தையும் கதையையும் கலக்காமல் இருக்க

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த நாடுகளில் மூலைக்கு மூலை தொடர் கொலையாளி இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. அங்கே கொலைகள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஒன்றை ஒட்டியே இருக்கின்றன, நார்வேயில் அதற்கும் குறைவு. ஈஸ்டாட்டில் வாலண்டர் விசாரித்த அளவுக்குக் கொலைகள் நடந்திருந்தால் ஊரே காலியாகியிருக்கும்.

ஸ்வீடனின் மிகப் பிரபலமான நிஜத் தொடர் கொலை வழக்கு இன்னும் விசித்திரம். தாமஸ் குவிக் என்ற பெயரில் அறியப்பட்ட மனநலக் காப்பக நோயாளி ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். எட்டுக் கொலைகளில் தண்டனையும் வந்தது. பிறகு எல்லாவற்றையும் மறுத்தார். சிகிச்சையின்போது கொடுத்த மருந்துகளும், கவனம் கிடைக்க வேண்டும் என்ற ஏக்கமும் தன்னைப் பேச வைத்தன என்றார். மறுவிசாரணைக்கு அனுமதி கிடைத்து, 2013க்குள் எட்டு வழக்குகளும் விழுந்தன. ஒப்புதல் வாக்குமூலத்தைத் தவிர உருப்படியான தடயம் எதுவும் இருக்கவில்லை. மருத்துவர், போலீஸ், அரசு வக்கீல், நீதிமன்றம் என்று எல்லோரும் ஒரு தொடர் கொலையாளி இருக்க வேண்டும் என்று நம்பியதன் விளைவு அது. நாவலில் விசாரணைக் குழு ஒருவரைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் திளைக்கும் கட்டம் வரும்போதெல்லாம் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மகிழ்ச்சியின் மேல் எழுத்தாளர் விழவைக்கும் நிழல் கண்ணில் படும்.

இன்னொரு நிழல், 1986 பிப்ரவரி 28. பிரதமர் ஊலோஃப் பால்மே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு, பாதுகாவலர் இல்லாமல் ஸ்டாக்ஹோமின் ஸ்வேயாவேகன் தெருவில் நடந்துவரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 34 ஆண்டுகள் விசாரித்தும் நீதிமன்றத்தில் நிலைத்து நின்ற தீர்ப்பு எதுவும் வரவில்லை, 2020இல் வழக்கு மூடப்பட்டது. பிந்தைய நாவல்களில் போலீசார் பழைய தோல்வி ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே அறை அமைதியாகிவிடுவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பிறகு, வேருக்கு

மூன்று நான்கு புதிய கதைகளை முடித்த பிறகு 1965க்குப் போங்கள். மாய் ஷோவால், பெர் வாலோ என்ற இணையர் சேர்ந்து பத்து ஆண்டுகளில் பத்து நாவல் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம், பத்தையும் சேர்த்து ஒரே கதையாக, ‘ஒரு குற்றத்தின் கதை’ என்ற பொதுத் துணைத்தலைப்போடு. குற்றம் என்று அவர்கள் சொன்னது தங்கள் நாட்டு அரசு உழைக்கும் மக்களுக்குச் செய்ததாக அவர்கள் கருதியதை. மேலே சொன்ன எல்லோரும் இவர்கள் போட்ட பாதையில் நடந்தவர்களே.

முதல் நாவல் ‘ரோசன்னா’. இதை முதலிலேயே கொடுத்தால் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்பார்கள். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறோம். ஜூலை மாதம், யோத்தா கால்வாயின் மதகு ஒன்றில் தூர்வாரும்போது இயந்திரத்தின் வாளியில் ஒரு பெண்ணின் உடல் வருகிறது. உடையில்லை, நகையில்லை, அடையாளம் எதுவுமில்லை. காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. மார்ட்டின் பெக் என்ற அதிகாரி, சளியும் வயிற்று வலியுமாக, காத்திருக்கிறார். கடிதம் போடுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், மறுபடி கடிதம் போடுகிறார். அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. கால்வாயில் போன ஒரு உல்லாசப் படகின் பயணிகளை உலகம் முழுக்கத் தேடி, அவர்கள் எடுத்த விடுமுறைப் படங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் மேசையில் பரப்பப்படுகின்றன. யாரோ ஒருவரின் படத்தில் ஓரத்தில், வேறெங்கோ பார்த்தபடி, அவள் நிற்கிறாளா என்று பெக் ஒவ்வொன்றாகத் தேடுகிறார். அந்த அத்தியாயங்களை மெதுவாகப் படியுங்கள்.